குடுவைக்குள் மலேரியா: வாசகர் கேள்வி – பதில்

ஆய்வுக்காக மலேரியா ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கேட்டவர்களில் பாதிப் பேர் தினமும் பிப்பெட் பிடிப்பவர்கள். மீதிப் பேர் வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்கள். வேறு இனம் என்று சொல்லாத இடங்களில் எல்லா அளவுகளும் மலேரியா ஒட்டுண்ணி இனங்களில் ஒன்றான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துக்கு உரியவை.

கேள்வி: பாக்டீரியாவைத் தட்டில் வளர்ப்பதுபோல் மலேரியாக் கிருமியை வளர்க்க முடியாதா? எதற்கு மனித ரத்தம்?

முடியாது. ரத்தத்தில் பெருகும் நிலையில் அதற்கு வீடும் சிவப்பணுதான், சாப்பாடும் சிவப்பணுதான். உள்ளே நுழைந்து ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் 16 முதல் 32 குஞ்சுகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மெரோசோயிட் எனப்படும் இந்தக் குஞ்சுகளுக்கு வெளியே ஆயுள் சில நிமிடங்களே. அதற்குள் பக்கத்தில் நல்ல சிவப்பணு கிடைத்தாக வேண்டும்.

1912-இல் பாஸ், ஜான்ஸ் என்ற இருவர் நோயாளியின் ரத்தத்தை வெளியே எடுத்து ஒட்டுண்ணியைச் சில சுற்றுகள் பெருக வைத்தார்கள். அதோடு நின்றுவிட்டது. நிற்காமல் தொடர்ந்து வளர்க்கும் வழி 1976-இல்தான் பிடிபட்டது: ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் செய்து காட்டினார்கள். இன்று ஆய்வகங்களில் ஓடும் முறை அடிப்படையில் அதுவேதான்.

கேள்வி: வளர்ப்பு ஊடகத்தை நாங்களே தயாரிக்க விரும்புகிறோம். அளவும், எது எதற்கு என்பதும் சொல்லுங்கள்.

ஒரு லிட்டருக்கு: ஆர்.பி.எம்.ஐ. 1640 தூள் (ஊடகத்தின் அடிப்படைச் சத்துக்கலவை, குளூட்டமின் சேர்ந்தது) 10.4 கிராம், ஹெப்பஸ் (பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல்) 5.96 கிராம், குளுக்கோஸ் கூடுதலாக 2 கிராம், ஹைப்போசாந்தின் 50 மி.கி., சோடியம் பைகார்பனேட் 2.1 கிராம், ஜென்டாமைசின் 25 மி.கி., அல்புமேக்ஸ்-2 5 கிராம். பி.எச். 7.4-க்குச் சரிசெய்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் இறக்குங்கள்.

இதில் இரண்டு பொருள்கள் தொல்லை கொடுக்கும். ஹைப்போசாந்தின் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. முதலில் கொஞ்சம் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துக்கொண்டு பிறகு சேர்க்க வேண்டும். கரையாமல் போனால் வடிகட்டியிலேயே தங்கிவிடும். ஊடகம் பார்க்க நன்றாக இருக்கும், ஒட்டுண்ணி மட்டும் பட்டினி கிடக்கும். ஹைப்போசாந்தின், மரபணுப் பொருளைக் கட்டத் தேவையான பியூரின் வகையைச் சேர்ந்தது. பியூரினைத் தானே தயாரிக்கும் வழி ஒட்டுண்ணிக்கு இல்லை, வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டும். அல்புமேக்ஸ் கொழுப்பு நிறைந்த மாட்டு ஆல்புமின். குலுக்கினால் நுரைத்துக்கொண்டு வடிகட்டியை அடைத்துவிடும். மேலே தூவி, மெதுவாகச் சுழலவிட்டு, தானாகக் கரையும்வரை விட்டுவிடுங்கள்.

அமினோ அமிலங்களில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஐசோலியூசின் வயதுவந்தோரின் ஹீமோகுளோபினில் இல்லவே இல்லை. மற்றதையெல்லாம் ஒட்டுண்ணி ஹீமோகுளோபினிலிருந்து பிய்த்துக்கொள்ளும். இது ஊடகத்திலிருந்துதான் வர வேண்டும். ஆர்.பி.எம்.ஐ.-யில் போதிய அளவு இருப்பதால் நாம் கவலைப்படுவதில்லை.

அல்புமேக்ஸுக்குப் பதிலாக 10% மனித சீரமும் போடலாம். ஆனால் ஒரு பையில் வரும் சீரம் அடுத்த பையைப்போல் இருக்காது. பலருடையதைக் கலந்து, 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிப் பயன்படுத்துங்கள். கொடையாளர் அண்மையில் மலேரியா மாத்திரையோ ஆன்ட்டிபயாட்டிக்கோ சாப்பிட்டிருந்தால் அந்தச் சீரம் வேண்டாம். சீரத்தில் செய்த மருந்துச் சோதனையின் எண்ணையும் அல்புமேக்ஸில் செய்ததன் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். மருந்து புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் அளவு இரண்டிலும் வேறு.

கேள்வி: மெழுகுவர்த்தி ஏற்றிய ஜாடிக்குள் மலேரியா வளர்த்தார்கள் என்று படித்தேன். கதையா, நிஜமா?

நிஜம்தான். டிரேகரும் ஜென்சனும் செய்தது அதுவே. கண்ணாடி டெசிகேட்டருக்குள் வளர்ப்புத் தட்டுகளை வைத்து, பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, மூடியின் குழாயைத் திறந்தே விட வேண்டும். சுடர் அணையும் தருணத்தில் குழாயை மூடிவிட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். எரிந்து முடிந்த காற்றில் கார்பன் டை ஆக்சைடு 3% அளவுக்கு ஏறி, ஆக்சிஜன் 15 முதல் 17% வரை இறங்கியிருக்கும். ஒட்டுண்ணிக்கு அது போதும். நிறமோ மணமோ சேர்க்காத மெழுகுவர்த்தி வாங்குங்கள். ஸ்பிரிட் துடைத்த மேசை காய்வதற்குமுன் தீக்குச்சியைத் தொடாதீர்கள்.

வாயு உருளை வாங்க வசதி இருந்தால் 5% ஆக்சிஜன், 5% கார்பன் டை ஆக்சைடு, 90% நைட்ரஜன் கலவையே மேல். வடிகட்டி வழியாக ஃபிளாஸ்க்குக்குள் அரை நிமிடம் ஊதி, மூடியை இறுக்கித் திருகினால் சாதாரண இன்குபேட்டரே போதும். பலர் செய்யும் தவறு, காற்றுத்துளை மூடி போட்ட ஃபிளாஸ்க்கைக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைப்பது. உள்ளே ஆக்சிஜன் வெளிக்காற்றின் அளவுக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வளரும், ஆனால் தள்ளாடும்.

கேள்வி: உறைந்த குப்பியை உருக்கி வளர்ப்பு தொடங்கினேன். ஒரு வாரமாகியும் ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை. என்ன தவறு?

குப்பியை உருக்கியதும் நேராக ஊடகத்தில் போட்டீர்களா? அப்படியென்றால் தவறு அங்கேயே. உறையவைக்கும்போது சேர்த்த கிளிசரால் சிவப்பணுவுக்குள் நிறைந்திருக்கிறது. சாதாரண ஊடகத்தில் இறங்கியதும் தண்ணீர் உள்ளே பாய்ந்து அணுக்கள் வெடித்துவிடும். மேல்திரவம் அடர்சிவப்பாக மாறியிருந்தால் நடந்தது அதுதான். உப்பின் செறிவைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே கிளிசராலை வெளியேற்ற வேண்டும்.

குப்பியை 37 டிகிரி நீரில் ஒன்றிரண்டு நிமிடத்தில் உருக்குங்கள். ஒரு மி.லி. அணுக்களுக்கு 0.2 மி.லி. வீதம் 12% உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக, குழாயை அசைத்துக்கொண்டே விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடுத்து 10 மி.லி. 1.6% உப்புநீர், இதுவும் சொட்டாகத்தான். முதல் ஒன்றிரண்டு மி.லி.-யில் அவசரமே கூடாது. 500 ஜி விசையில் 5 நிமிடம் சுழற்றி, மேல்திரவத்தை எடுத்துவிட்டு, 0.2% குளுக்கோஸ் சேர்ந்த 0.9% உப்புநீர் 10 மி.லி. விடுங்கள். மறுபடி சுழற்றி, பிறகு ஊடகமும் புதிய சிவப்பணுவும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லையென்றால் உறையவைத்தவர்மீது சந்தேகப்படலாம். உறைவிலிருந்து பிழைத்து வருபவை பெரும்பாலும் வளையநிலை (சிவப்பணுவுக்குள் நுழைந்தபின் வரும் இளம் நிலை) ஒட்டுண்ணிகள் மட்டுமே. வளையத்துக்கு அடுத்த நிலையான, முதிர்ந்த ட்ரோஃபோசோயிட்டுகள் நிறைந்த வளர்ப்பை உறையவைத்திருந்தால் குப்பியில் இருப்பது பிணங்கள். உறையவைக்கும் நாளில் வளையங்கள் 5%-க்கு மேல் இருக்க வேண்டும்.

இன்னொன்று: ஒரு வாரத்தில் கைவிடாதீர்கள். பிழைத்தவை மிகக் குறைவாக இருந்தால் கண்ணில் படும் அளவுக்குப் பெருக இரண்டு மூன்று வாரங்கூட ஆகலாம். தினமும் ஊடகம் மாற்றி, வாரம் ஒருமுறை கொஞ்சம் புதிய அணு கொடுத்துக் காத்திருங்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை 8% சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி இருந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் கருத்துச் சுருங்கிய புள்ளிகள். ஏன்?

அமிலம். ஒட்டுண்ணி குளுக்கோஸை முழுவதும் எரிப்பதில்லை. லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுகிறது. தொற்றுள்ள அணு சாதாரண அணுவைவிடப் பல மடங்கு குளுக்கோஸை விழுங்கும். 8% வளையங்கள் ஒரு சுற்று முடித்தால் எங்கே போகும் என்று கணக்கிடுங்கள். ஐந்து மடங்கு பெருகினால் 40%. அவ்வளவு தூரம் போவதற்கு வெகு முன்பே ஊடகம் ஆரஞ்சு நிறம் தாண்டி மஞ்சளாகி, ஒட்டுண்ணிகள் செத்திருக்கும். நீங்கள் பார்த்த புள்ளிகள் அவைதான்.

வளர்ப்பைப் பிரிக்கும் கணக்கு எளிது. 10 மி.லி. வளர்ப்பு, ஹெமட்டோகிரிட் (கன அளவில் சிவப்பணுவின் பங்கு) 4% என்றால் உள்ளே 400 மைக்ரோலிட்டர் சிவப்பணு இருக்கிறது. இன்று பாரசைட்டீமியா (தொற்றுள்ள சிவப்பணுக்களின் விகிதம்) 6%, அதை 0.5%-க்கு இறக்க வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு போதும், அதாவது 33 மைக்ரோலிட்டர் அணு. நன்றாகக் கலக்கிய வளர்ப்பில் அது 0.83 மி.லி.-யில் இருக்கும். மீதி 367 மைக்ரோலிட்டர் புதிய அணு. 50% ஹெமட்டோகிரிட்டில் சேமித்து வைத்திருந்தால் 0.73 மி.லி. எடுங்கள். ஊடகத்தால் 10 மி.லி.-க்கு நிரப்புங்கள். இந்தக் கணக்கில் பிழை வருவது பெரும்பாலும் எண்ணால் அல்ல, கலக்காமல் எடுப்பதால். அணுக்கள் சில நிமிடங்களிலேயே அடியில் படிந்துவிடும்.

வாரக் கடைசிக்கு 0.2% அளவுக்கு இறக்கி, ஹெமட்டோகிரிட்டையும் 2% ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரண்டு சுற்று ஓடினாலும் 5% சுற்றித்தான் இருக்கும். இப்போது உங்கள் ஃபிளாஸ்க்கில் நல்ல வளையம் நாலைந்தாவது தெரிந்தால் உடனே ஊடகம் மாற்றி, புதிய அணு சேர்த்து இரண்டு நாள் பாருங்கள். தெரியவில்லையென்றால் புதுக் குப்பி உருக்குவதே வேகமான வழி.

கேள்வி: ஸ்லைடில் தெரிவது ஒட்டுண்ணியா சாயத்துகளா என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டு நிறமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டுண்ணிக்கு நீலமான உடலும் சிவந்த ஊதா நிறத்தில் கருவும் சேர்ந்தே இருக்கும். சாயத்துகள் ஒரே நிறம். நுண்ணோக்கியின் திருகை மெல்ல அசைத்தால் சிவப்பணுவைவிட மேலே வேறொரு தளத்தில் நிற்கும், சற்றே மினுங்கவும் செய்யும். சில சிவப்பணுக்களில் எஞ்சிய கருத்துண்டு ஒன்று உருண்டையாக, அடர்த்தியாகத் தெரியும். அதைச் சுற்றி நீலம் இருக்காது.

ஸ்மியரை (ஸ்லைடில் மெல்லப் பரப்பிய ரத்தத்தை) மெத்தனாலில் நிலைப்படுத்தி முழுக்க உலர விடுங்கள். 10% கீம்சா சாயத்தை பி.எச். 7.2 தாங்கலில் அன்றன்றே கலந்து 10–15 நிமிடம். நேற்றுக் கலந்த கீம்சா என்றால் பாதிக் குப்பை அதிலிருந்துதான். எண்ணும்போது குறைந்தது 1,000 அணுக்களாவது எண்ணுங்கள். ஓர் அணுவுக்குள் இரண்டு வளையம் இருந்தாலும் அது தொற்றுள்ள ஓர் அணுதான்.

கேள்வி: ஒரே வயது ஒட்டுண்ணி கிடைக்க சார்பிட்டால் (ஒருவகைச் சர்க்கரைப் பொருள்) போட்டேன். எல்லாமே செத்துவிட்டது.

போட்ட நேரம் தவறு. 1979-இல் லாம்ப்ரோஸும் வாண்டர்பெர்க்கும் கொண்டுவந்த இந்த முறை, இளசை விட்டுவிட்டு முற்றியதைக் கொல்வது. வளரும் ஒட்டுண்ணி, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் சவ்வில் புதிய வாசல்களைத் திறக்கிறது. அதன் வழியே சார்பிட்டால் உள்ளே போக, தண்ணீரும் பின்தொடர, அணு வெடிக்கிறது. வளையநிலையில் அந்த வாசல்கள் இன்னும் திறக்கவில்லை, அதனால் பிழைக்கிறது. எல்லை ஏறக்குறைய 20 மணி நேரம். உங்கள் வளர்ப்பில் பெரும்பாலானவை அதைத் தாண்டியிருந்தன. ஸ்லைடு பார்க்காமல் சார்பிட்டால் பாட்டிலைத் தொடுவது குருட்டு வைத்தியம்.

வளையங்கள் மிகுந்திருக்கும் நேரத்தில் அணுக்களைச் சுழற்றி இறக்கி, அவற்றின் கன அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு 5% சார்பிட்டால் நீர்க்கரைசல் சேர்த்து, 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். பின் சுழற்றிக் கழுவுங்கள். மேல்திரவம் சிவந்தால் பயப்பட வேண்டாம், முற்றியவை உடைந்ததன் அடையாளம் அது.

ஒருமுறை போட்டால் மிஞ்சுவது 0 முதல் 20 மணி நேர வயதுள்ள கலவை. இன்னும் நெருக்க வேண்டுமானால் 14 மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். அப்போது அவற்றின் வயது 14 முதல் 34. இருபதைத் தாண்டியவை போக, ஆறு மணி நேர இடைவெளிக்குள் அடங்கியவை மட்டும் மிஞ்சும். அதைவிட நெருக்கத்துக்குக் காந்தம் உண்டு. ஹீமோகுளோபினைத் தின்ற கழிவாக முற்றிய ஒட்டுண்ணிக்குள் சேரும் ஹீமோசோயின் படிகத்தில் இரும்பு இருக்கிறது. காந்தத்தூண் வழியே விட்டால் ஷைசாண்டுகள் (குஞ்சுகளாகப் பிரியும் தறுவாயில் உள்ளவை) ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பிடித்தவற்றைப் புதிய அணுவோடு மூன்று மணி நேரம் விட்டுப் பிறகு சார்பிட்டால் போட்டால், மூன்று மணி நேரத்துக்குள் பிறந்த வளையங்கள் மட்டும் கையில் இருக்கும். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்துக்கான எதிர்ப்பைச் சோதிக்க இத்தகைய வளையங்களே தேவை: அம்மருந்து வகையைச் சேர்ந்த டைஹைட்ரோ ஆர்ட்டெமிசினினின் 700 நானோமோலார் கரைசலில் 6 மணி நேரம் வைத்து, கழுவி, 72-ஆவது மணியில் பிழைத்தவற்றை எண்ணுவார்கள். 1% அல்லது அதற்கு மேல் இருந்தால் எதிர்ப்பு உண்டு என்று கொள்வது வழக்கம்.

கேள்வி: எங்கள் வளர்ப்பில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருப்பது தெரியவந்தது. டாக்ஸிசைக்ளின் போட்டு ஒழிக்கலாமா?

கூடாது, கூடவே ஒட்டுண்ணியும் ஒழியும். மலேரியா ஒட்டுண்ணிக்குள் அப்பிகோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. பாசியினம் ஒன்றிலிருந்து வந்துசேர்ந்த அதன் புரத உற்பத்தி பாக்டீரியா பாணியிலேயே நடப்பதால், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், கிளிண்டமைசின் எல்லாம் அதைத் தாக்கும். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. ஒட்டுண்ணி நன்றாக வளர்ந்து வெளியே வந்து புது அணுவுக்குள் நுழையும். இரண்டாம் சுற்றில்தான் சாகும். மருந்து போட்ட அன்று எல்லாம் நலமாகத் தெரிவதால், நாலாம் நாள் வரும் சாவுக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லை. 0.22 மைக்ரான் வடிகட்டியில் நழுவிவிடும், ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, ஜென்டாமைசினையும் பல வேளை பொருட்படுத்தாது. எங்கள் யோசனை: எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பி.சி.ஆர். சோதனையில் சுத்தம் என்று தெரிந்த குப்பியிலிருந்து தொடங்குங்கள். சுத்தமான குப்பியே இல்லாத அரிய வகை என்றால் மட்டும் மைக்கோபிளாஸ்மாவுக்கென்றே விற்கும் மருந்துகளை முயலுங்கள். அதற்குமுன் அந்த அளவை ஒட்டுண்ணி தாங்குகிறதா என்று குறைந்தது மூன்று சுற்றுகள் பாருங்கள். பிறகு மாதம் ஒரு பி.சி.ஆர். கட்டாயம்.

கேள்வி: மலேரியாவின் இன்னோர் இனமான பிளாஸ்மோடியம் விவாக்ஸை ஏன் இப்படி வளர்ப்பதில்லை?

அது இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளுக்குள் மட்டுமே நுழையும். ரத்தத்தில் அவை சுமார் 1%தான். குடுவையில் ஓரிரு நாளில் முதிர்ந்தும்விடும். விவாக்ஸ் பற்றிக்கொள்ளும், அணுவின் மேலுள்ள டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதம் முதிரும்போதே உதிர்ந்துபோவதும் ஒரு காரணம். நோயாளியின் ரத்தத்தில் இருப்பதை ஒரு சுற்று முதிர வைத்துச் சோதிக்கலாம், தொடர்ந்து ஓட்ட முடியவில்லை. அதற்கு நெருங்கிய உறவான பிளாஸ்மோடியம் நோலெசி என்ற இனத்தை 2013-இல் மனித ரத்தத்தில் தொடர்ந்து வளரப் பழக்கிவிட்டார்கள். விவாக்ஸ் பற்றிய பல கேள்விகளை இப்போது அதனிடம்தான் கேட்கிறார்கள்.

கேள்வி: என் மகள் மலேரியா ஆய்வகத்தில் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. கொசு இல்லாத இந்த வளர்ப்பு காற்றில் பரவாது, உடையில் ஒட்டி வராது, தொட்டால் தொற்றாது. ரத்தத்துக்குள் நேராகப் போனால்தான் நோய்: ஊசி குத்துவது, உடைந்த கண்ணாடி கீறுவது, கையில் ஆறாத வெட்டு. அதனால்தான் வளர்ப்பு அறையில் ஊசிக்கும் கண்ணாடிப் பிப்பெட்டுக்கும் இடம் கொடுப்பதில்லை. ரத்தம் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனை முடிந்தபிறகே வர வேண்டும். அப்படியே வந்தாலும் அதைத் தொற்றுள்ளதாக நினைத்தே கையாள வேண்டும். கழிவை 0.5% ஹைப்போகுளோரைட்டில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிறகே கொட்ட வேண்டும்.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். கையில் குத்திக்கொண்டால் மறைக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தான் வளர்த்தது எந்த வகை, அதற்கு எந்த மருந்து கேட்காது என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும். குளோரோகுயினை எதிர்க்கும் வகையைக் குத்திக்கொண்டவருக்குக் குளோரோகுயின் கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: கொசுவுக்கு ஊட்ட கேமட்டோசைட் (ஒட்டுண்ணியின் ஆண், பெண் பாலின நிலை) வேண்டும். எங்கள் 3டி7 என்ற ஆய்வக வகையின் வளர்ப்பில் வரவே மாட்டேன் என்கிறது.

எத்தனை காலமாக ஓட்டுகிறீர்கள்? நெடுநாள் குடுவையில் ஓடிய வகை அந்தத் திறனையே இழந்துவிடும். கேமட்டோசைட் ஆவது குடுவைக்குள் ஒட்டுண்ணிக்கு வெறும் நஷ்டம், ஆகாதவை பெருகி மற்றவற்றை ஓரங்கட்டிவிடும். ஒன்பதாம் குரோமோசோமின் நுனி அறுந்துபோன வகைகளில் திறன் திரும்பாது. அதிகம் ஓடாத குப்பிக்குத் திரும்புங்கள். 3டி7-ஐவிட அதன் தாய் வகையான என்.எஃப். 54 நம்பகமானது. நெதர்லாந்தில் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்தின் அருகே வசித்த, வெளிநாடே போகாத நோயாளி ஒருவரிடமிருந்து கிடைத்தது அது.

0.5% பாரசைட்டீமியா, 5–6% ஹெமட்டோகிரிட்டில் தொடங்குங்கள். பிறகு இரண்டு வாரம் புதிய சிவப்பணுவே சேர்க்காதீர்கள், ஊடகம் மட்டும் தினமும் மாற்றுங்கள். நெரிசலில்தான் அது பாலினப் பாதைக்குத் திரும்பும். இடையில் சாதாரண ஒட்டுண்ணிகள் செத்துக் குவிவதைப் பார்த்துக் கலங்கிப் பிரித்துவிடுபவர்கள் உண்டு. அது நடக்க வேண்டியதுதான். ஊடகத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கியே மாற்றுங்கள், ஃபிளாஸ்க்கையும் சூடான தட்டின்மேல் வைத்தே வேலை செய்யுங்கள். முதிர்ந்த ஆண் கேமட்டோசைட்டுக்குக் குளிர்ச்சி என்றால் கொசுவின் வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என்று அர்த்தம், குடுவையிலேயே இழைகளை வீசி வீணாகிவிடும். பதினான்காம் நாள் ஒரு துளியை அறை வெப்பத்தில் 20 நிமிடம் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். சுற்றியுள்ள அணுக்களை இழைகள் உலுக்குவது தெரிந்தால் ஊட்டலாம். இந்த வேலைக்கு அல்புமேக்ஸைவிட மனித சீரமே நல்லது.

கேள்வி: கழுவிய சிவப்பணு எத்தனை நாள் தாங்கும்? எந்த ரத்தம் வேண்டாம்?

வெள்ளணுப் படலத்தை எடுத்துவிட்டு மூன்று முறை கழுவி 4 டிகிரியில் வைத்தால் இரண்டு வாரம். உறைதடுப்பானோடு பையிலேயே இருந்தால் நாலு வாரம்வரை ஓட்டலாம். அதற்குமேல் நுழைவது குறையும். சீரம் பயன்படுத்துபவர்களுக்கு ஓ வகை ரத்தம்தான் வசதி, எந்தச் சீரத்தோடும் ஒட்டித் திரளாது. அரிவாளணு, தலசீமியா, ஜி6பி.டி. குறைபாடு உள்ளவர்களின் அணு வேண்டாம். காரணமே தெரியாமல் வளர்ப்பு மந்தமானால் முதலில் ரத்தப் பையை மாற்றிப் பாருங்கள், ஊடகத்தைப் பிறகு குற்றம் சொல்லலாம்.